படலையில் நின்றுபோன நாவல்

என் நாவலில் ஓர் ஆள் வருடக்கணக்காகப் வேலிப் படலைக்கு, அந்த வாசல் கதவுக்கு, வெளியே நின்றுகொண்டிருந்தான். வீட்டை விட்டுப் போய், நெடுநாள் கழித்துத் திரும்பி வந்தவன். உள்ளே துலாக் கிணற்றடியில் அவனுடைய மனைவி. அவள் வாய் திறந்து ஒரு சொல் சொன்னால் கதை நகர்ந்துவிடும். அவள் சொல்லவில்லை. நான் காற்றை எழுதினேன், பனை ஓலைகள் உரசுவதை எழுதினேன், கிணற்றுக்குள் விழுந்த வெளிச்சத்தை எழுதினேன். அவள் அப்படியே நின்றாள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். காஸை மூடினேனா என்று பாதிப் படி இறங்கியபின் திரும்ப ஏறிப் பார்ப்பேன். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டுப் புறக்கோட்டையில் மின்சாமான் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே தொழில்தான், கடை மட்டும் வேறு. ஆகவே நாவல் நின்றதும் காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது: படிப்பு போதவில்லை. நூலகத்திலிருந்து புத்தகங்கள் எடுத்து வந்து, நல்ல சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சேர்த்தேன். சொற்கள் சேர்ந்தன. அவள் பேசவில்லை.

நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனையில், ஒரு தோட்டத்தில். கொழும்பில் தோட்டம் என்றால் செடிகொடி இல்லை. ஒரு நடைபாதை, இரண்டு பக்கமும் ஒற்றை அறை வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். அப்பாவின் ஆட்கள் துறைமுக வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்கள். என் மனைவி யாழ்ப்பாணம். கல்யாணத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் வாடகைக்கு ஒரு பிளாட் எடுத்தோம். பெண் பார்க்கப் போன அன்று மாமனார் அன்பாகத்தான் கேட்டார், தம்பிக்குச் சொந்த ஊர் எது என்று. கொட்டாஞ்சேனை என்றேன். அது இருக்கட்டும், சொந்த ஊர் எது என்றார். நான் தட்டிலிருந்த ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

அவர் அதை அன்றைக்கே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை போல. நாவல் எழுத உட்கார்ந்தபோது கை தானாக வடக்கே போனது. நாவலுக்கு ஓர் ஊர் வேண்டும், கொட்டாஞ்சேனை ஊர் என்ற கணக்கில் வராது என்று நம்பிவிட்டேன். யாழ்ப்பாணத்துக்கு நான் போனதெல்லாம் மனைவி வீட்டுக் கல்யாணங்களுக்கு மட்டும்தான்.

எழுதியதை மனைவியிடம் காட்டியதே இல்லை. போன வருடம் ஒரு போயா நாளில், பௌர்ணமி விடுமுறை, கடை பூட்டியிருந்தது, லப்டொப்பை அவள் முன்னால் வைத்தேன். இதை விடப்போகிறேன், இனி எழுதுவதே இல்லை, அழிக்க முதல் ஒருவராவது வாசித்தால் போதும் என்றேன். அவள் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். எதையும் இரண்டு தரம் வாசிக்காமல் கொடுக்கமாட்டாள். அவள் வாசிக்க வாசிக்க எனக்கு வீட்டில் நிற்க முடியவில்லை. பாண் வாங்கக் கீழே போனேன். பிறகு வெங்காயம் வாங்கப் போனேன். வெங்காயம் வீட்டில் இருந்தது.

திரும்பி வந்தபோது தேத்தண்ணீர் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“இஞ்சாருங்கோ, உங்கட கதையில வாற வீட்டில கரண்ட் இல்லையோ?”

இருக்கிறது என்றேன்.

“பிறகென்னத்துக்குத் தண்ணி இறைக்கத் துலா? எங்கட வீட்டில நான் பிறக்க முதலே மோட்டர் பூட்டியாச்சு.”

துலாவை எடுத்துவிட்டு மோட்டர் போட்டுவிடுகிறேன், ஒரு வரிதானே என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த மனிசி ஏன் ஒன்றும் கதைக்காமல் நிற்கிறாள் என்று கேட்டாள். நான் துக்கத்தின் மௌனம் அது இது என்று நீளமாக விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் பக்கத்தில் இப்படி வாய் பேசாத ஒருத்தியைத் தான் கண்டதில்லை என்றாள்.

“உங்கட பக்கமெண்டால் அவ என்ன சொல்லியிருப்பா?”

நான் யோசிக்கவே இல்லை. “‘வந்துட்டியா? செருப்ப வெளிய கழட்டு. இப்பத்தான் வீடு தொடச்சேன்.’”

அவள் சிரித்ததில் தேத்தண்ணீர் சட்டையில் ஊற்றுப்பட்டது. பிறகு சிரிப்பு நின்று என்னையே பார்த்தாள். இதை ஏன் எழுதவில்லை என்றாள்.

“அது கொட்டாஞ்சேனைப் பேச்சு. படிக்கிறவங்க சிரிப்பாங்க.”

“நானும் சிரிச்சனான்தானே. அதுக்கென்ன?”

உடனே எழுதத் தொடங்கினேன் என்று சொல்ல ஆசை. இல்லை. முதலில் ஒட்டுப்போடத்தான் பார்த்தேன். கிணற்றை அழித்துக் குழாயை வைத்தேன், பனையை அழித்துச் சுவரை வைத்தேன். முன்பு குடியிருந்தவர்களின் சாமான் நிறைந்த வாடகை வீடு மாதிரி இருந்தது. எதை எடுத்தாலும் வேறு யாரோ வாங்கியது. கடைசியில் பழைய பைலை மூடிவிட்டு (அழிக்கவில்லை, எனக்கே மெயிலில் அனுப்பி வைத்தேன், பயம்தான்) வெற்றுப் பக்கத்தைத் திறந்தேன்.

தோட்டத்தில் படலை கிடையாது. கதவைத் திறந்தால் நேரே நடைபாதை. காலையில் அதில் வாளியும் குடமுமாக முழு வரிசையும் நிற்கும். வீட்டை விட்டு ஓடிப்போனவன் தன் கதவைத் தட்ட வேண்டுமென்றால் அந்த வரிசையைத் தாண்டித்தான் வர வேண்டும். மௌனம் எங்கே இருக்கிறது? பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா வாளியை இறக்கிவிட்டு, “அனே, மல்லி ஆவாத?” என்று கேட்டாள், தம்பி வந்துவிட்டாயா என்று. ஒருவர் சலாம் சொன்னார். ஒருத்தி துப்பினாள். அவன் கதவுக்கு வந்து சேரவே ஓர் அத்தியாயம் பிடித்தது, அதில் ஒரு வரியையும் நான் தேடவில்லை.

கதை சொல்லும் இடங்களில் நான் படித்துப் பழகிய எழுத்துத் தமிழையே வைத்துக்கொண்டேன். அலங்காரத்தை மட்டும் நிறுத்தினேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். கடையில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லக் கூசும் என்றால் அழித்துவிடுவேன். வேலைக்குப் போக முதல் இப்படி முணுமுணுத்துக்கொண்டிருந்தால், ஆரோடு கதைக்கிறீர்கள் என்று குசினியில் சமைத்துக்கொண்டே மனைவி கேட்பாள். சில காலைகளில் நாலு வரிதான் தேறும். அந்த நாலு வரியும் என்னுடையவை என்று மட்டும் தெரியும்.

முதல் மூன்று அத்தியாயங்களைப் போன கிழமை அவளிடம் கொடுத்தேன். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. நான் காஸ் மூடியிருக்கிறதா என்று இரண்டு தரம் போய்ப் பார்த்தேன். மறுநாள் காலை தலை சீவிக்கொண்டிருந்தவள் சீப்போடு திரும்பினாள்.

“அவ ஏன் கதவைத் திறந்தவ? இத்தினை வருசமா ஒரு சதம் அனுப்பாதவனுக்கு?”

வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றதே என்றேன். பார்த்தால் பார்க்கட்டும் என்றாள். படி இறங்கும்போதும் அதுதான் கதை, காலி வீதி வரைக்கும் அதுதான். அவனுக்கு உடம்பு சரியில்லையாக்கும் என்று நான் சொல்ல, அது அவனுடைய பாடு என்றாள். பழைய நாவலை வாசித்தபோது என் மனைவி அதில் யாரோடும் இப்படிக் கோபப்பட்டதில்லை. அவளுடைய பஸ் வந்தது. ஏறி மிதிபலகையில் நின்றபடியும் விடவில்லை.

“அவ அவனுக்குச் சோறு போட்டாவெண்டால் மிச்சத்தை நான் வாசிக்கமாட்டன், சொல்லிப்போட்டன்.”

கொண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாலாம் அத்தியாயத்தில் ஏற்கெனவே உலையில் அரிசி போட்டாயிற்று என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஸ்டேஷனுக்கு நடந்துபோய், கோட்டைக்குப் போகும் ரயிலில் கதவோரம் நின்றபடி போனை எடுத்து, அந்த வீட்டில் முதல் வாய்ச் சோற்றுக்கே அவன் என்ன குறை சொன்னான் என்று எழுதத் தொடங்கினேன்.