இன்னும் ரெண்டு கடை

முப்பது வருடம் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் குப்பை கொட்டிய மனிதருக்கு, மூன்று இடத்தில் பார்க்காமல் ஒரு குண்டூசிகூட வாங்கத் தெரியாது. ஓய்வு பெற்ற கையோடு மகளின் கல்யாணம் அவரிடம் வசமாக மாட்டியது. சமையல்காரர்கள் மூவரைச் சமைக்கச் சொல்லிச் சாப்பிட்டார். புகைப்படக்காரர்கள் மூவரிடமும் ஒரே சிரிப்பைச் சிரித்துக் காட்டினார். பூக்காரர்கள் மூவரின் மாலையையும் தன் கழுத்திலேயே போட்டுப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து, மனைவியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

துணிக்கடையில் முதலில் பிரித்துப் போட்ட புடவையே மகளுக்குப் பிடித்துவிட்டது. அதைத் தோளிலிருந்து இறக்க மனமில்லாமல் கண்ணாடி முன் நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு கடை பாத்துட்டு வந்துடுவோம்," என்றார் அவர்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிதானமாகச் சொன்னாள்: "எனக்கும் முதல்ல வந்த மாப்பிள்ளையத்தான் பிடிச்சிருந்துது. இன்னும் ரெண்டு பேரப் பாக்கலாம்னு எங்கப்பா சொன்னாரு. பாத்து முடிக்கறதுக்குள்ள அவருக்கு வேற இடத்துல முடிஞ்சு போச்சு."

மூன்றாவதாக வந்த மாப்பிள்ளை கடைக்காரர் பக்கம் திரும்பி, அந்தப் புடவையையே கட்டிக் கொடுக்கச் சொன்னார்.