மனு அக்காவின் பழைய டிஸ்க்

என் கடையில் வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே, சுவரில் ஓர் ஆணியில் வட்டத் தகடு ஒன்று தொங்குகிறது. உள்ளங்கை அகலம், நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் நல்ல பளபளப்பு. புதுக்கோட்டை வெயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்கள் அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். சிலர் சிடி என்று நினைப்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே சுற்றுகிற தகடு அது, கம்ப்யூட்டரில் நாம் சேர்த்து வைப்பதெல்லாம் அதில்தான் பதிகிறது என்று சொன்னால் ஆச்சரியத்தோடு தொட்டுப் பார்ப்பார்கள். யாருடைய டிஸ்க் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். சமாளிப்பது எனக்குக் கைவந்த கலை.

பல வருஷங்களுக்கு முன்னால் நான் அறந்தாங்கியில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். தோளில் பையும் பையில் ஸ்க்ரூடிரைவருமாக ஊர் ஊராகப் போவேன். என்னைத் தவிர இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் எனக்கு நிறையவே உண்டு. அப்படிப் போன இடங்களில் ஒன்றுதான் ஜெகதாப்பட்டினத்தில் மனு அக்காவின் கடை. துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் கம்பெனிக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா. அவரை ஊரே மனு அக்கா என்றுதான் கூப்பிட்டது. கடலுக்குப் போனவர்களை எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போய்விட்டால், பெண்கள் முதலில் ஓடி வருவது அவரிடம்தான். அழுகைக்கு நடுவே கேட்க வேண்டியதைக் கேட்டு, கலெக்டருக்கு ஒன்று, மீன்துறைக்கு ஒன்று என்று மனு அடித்து, அன்றைக்கே கையில் கொடுத்து பஸ் ஏற்றி அனுப்புவார்.

மனுவோடு ஆளின் போட்டோ வைக்க வேண்டும். பதறிக்கொண்டு வருகிறவர்களிடம் அது இருக்காது. அதனால் அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தார். வருஷா வருஷம் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பும் முன்பு, புதிதாகக் கடலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவர் கடைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை எடுத்தால் போதும். படகு நம்பர் போட்டு ஒரு போல்டரில் வைத்துவிடுவார். போட்டோவுக்கு எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். அக்கா விடமாட்டார். "சிரிங்கப்பா. மனுவப் பாக்குற ஆபீசருக்குக் கொஞ்சமாச்சும் மனசு எளக வேணாமா?" என்பார். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

படங்களோடு கல்யாண வீடியோ, திருவிழா வீடியோ என்று சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரோ பழசு. புது டிஸ்க்கை மாட்டி சுவிட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்து அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க்கின் பின்னால் ஊசிகளை இணைக்கும் ஜம்பர் என்ற சின்னத் துண்டை இடம் மாற்றினேன். நகரவில்லை. கேபிளை மாற்றினேன், மதர்போர்டின் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், கடையில் இருந்து கொண்டுபோன பிளாப்பியைப் போட்டுப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகக் கண்டுகொண்டது. ஆனால் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் காட்டியது. மிச்சம் இருப்பதாகவே அதற்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களுக்கு ஓர் எல்லை வரைதான் எண்ணத் தெரியும். அவ்வளவோடு விட்டிருக்கலாம். "இது பழைய மெஷின்க்கா, இவ்வளவுதான் பாக்கும்" என்று சொல்லியிருந்தால் அக்கா அதற்கே சந்தோஷப்பட்டிருப்பார். எனக்குத்தான் அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. உள்ளே ஓர் அமைப்பை மாற்றினால் முழு அளவும் தெரியும் என்று இணையத்தில் படித்திருந்தேன். அதே பக்கத்தின் கீழே, மெஷினுக்கே அந்தத் திறன் இல்லாவிட்டால் இதைச் செய்யாதீர்கள், இருப்பதும் அழிந்துபோகும் என்று எழுதியிருந்தது. அதையும் படித்தேன். படித்துவிட்டுத்தான் மாற்றினேன். முழு அளவும் திரையில் வந்து நின்றது. அக்கா கையைத் தட்டாத குறை.

டிஸ்க்கை இரண்டாகப் பிரித்தேன். பழைய படங்கள் முதல் பாதியில், இனிமேல் வருவது இரண்டாம் பாதியில். எல்லாம் முடிந்து பையைக் கட்டும்போது அக்கா கேட்டார்.

"தம்பி, பழைய டிஸ்க்கக் குடுத்துட்டுப் போங்க. பெட்டியில போட்டு வச்சுக்கிறேன்."

"ஒரு தடவ நல்லா செக் பண்ணிட்டு அடுத்த வாட்டி கொண்டாரேன்க்கா."

செக் பண்ண அதில் ஒன்றும் இல்லை. எங்கள் கடையில் ஒரு பழக்கம் இருந்தது. பழைய டிஸ்க் கையில் கிடைத்தால் திறந்துவிடுவோம். உள்ளே இருக்கும் காந்தம் பெஞ்சில் ஸ்க்ரூக்களைச் சிந்தாமல் பிடித்து வைக்கும். தகடு முகம் பார்க்க ஆகும். கூட வேலை பார்த்தவன் இரண்டு காந்தம் வைத்திருந்தான், என்னிடம் ஒன்றுகூட இல்லை. அந்த வாரமே அக்காவின் டிஸ்க்கைத் திறந்தேன். காந்தம் நல்ல காந்தம். தகட்டைத் துடைத்து ஆணியில் மாட்டினேன். அடுத்த வாட்டி, அதற்கு அடுத்த வாட்டி என்று அக்கா கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மறந்துவிட்டார்.

ஒரு வருஷம் போனது. ஐப்பசியில் கடல் திடீரென்று கெட்ட ஒரு நாளில், படகில் இருந்து ஓர் ஆள் தவறி விழுந்து இறந்துபோனார். சின்ன வயசுதான், இரண்டு பிள்ளைகள். அந்த வீட்டுக் கல்யாண ஆல்பம் முந்தின கோடையில் கூரை எரிந்தபோதே போய்விட்டிருந்தது. ஓட்டர் கார்டு அவர் சட்டைப்பையோடு கடலில் போனது. எல்லோர் கைபேசியிலும் கேமரா வராத காலம் அது. மாலை போடுவதற்கு அவருடைய படம் உலகத்திலேயே ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அக்கா முதன்முதலாகப் படம் எடுத்த படகுகளில் ஒன்று அவருடையது.

அவர் மனைவி படம் கேட்டு வரப்போகிறார் என்று தெரிந்து அக்கா காலையிலேயே கம்ப்யூட்டரைப் போட்டிருக்கிறார். அது எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் போன் வந்தது. போய்ப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாம் பாதியில் வீடியோக்கள் சேரச் சேர, மெஷின் தன் எல்லையைத் தாண்டியிருக்கிறது. தாண்டினால் எங்கே எழுதுவது என்று அதற்குத் தெரியாது. கடைசிப் பக்கம் முடிந்ததும் நோட்டைத் திருப்பி முதல் பக்கத்தில் இருந்து, ஏற்கெனவே எழுதியதன் மேலேயே எழுதுவது போல, அது டிஸ்க்கின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து எழுதியிருக்கிறது. மெஷின் எழுந்திருக்கத் தேவையானவையும் அங்கேதான் இருந்தன. முதலில் வைத்த படங்களும் அங்கேதான் இருந்தன.

டிஸ்க்கைக் கழற்றி அறந்தாங்கிக்குக் கொண்டுவந்து மூன்று நாள் முட்டி மோதினேன். பின்னால் எடுத்த படங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன. முதல் போல்டரில் இருந்தவை அரையும் குறையுமாக வந்தன. நடுவில் அக்கா போன் செய்தார். என்ன ஆச்சு தம்பி என்று கேட்டார். "எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்டு போயிருக்கும்க்கா. இல்லாட்டி நீங்க ஏதாச்சும் தெரியாம அமுக்கியிருப்பீங்க" என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன் என்று சொல்வது பொய். யோசித்துத்தான் சொன்னேன். பிறகு, "அந்தப் பழைய டிஸ்க்கு ஒங்ககிட்டதான இருக்கு? அதுல இருக்கும்ல?" என்று கேட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தகடு எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. "அது அப்பவே செத்துப்போச்சுக்கா" என்றேன்.

நாலாம் நாள் அக்காவின் கடையில் அந்தப் படத்தைத் திறந்தேன். இறந்தவரின் மனைவி நாற்காலியில் உட்காராமல் நின்றே பார்த்தார். எண்ணெய் வைத்து வாரிய முடி, நெற்றி, இரண்டு கண்கள், மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். கண்கள் இடுங்கியிருந்ததை வைத்து அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சிரிப்பு இல்லை.

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஏந் தப்புதாம்மா. நாந்தான் எதையோ அமுக்கித் தொலச்சிட்டேன். தம்பி மூணு நாளா முயற்சி பண்ணி இவ்வளவாச்சும் எடுத்துக் குடுத்திருக்காரு."

நான் ஓர் அடி தள்ளித்தான் நின்றேன். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். குனிந்து கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது அக்கா வழக்கம்போல, சாப்பிட்டுத்தான் போகணும் என்று தட்டில் சோறும் மீன் குழம்பும் போட்டுக் கொடுத்தார். சாப்பிட்டேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். புதுக்கோட்டையில் சொந்தக் கடை வைத்ததும் அடியோடு விட்டுப்போனது. காந்தம் எப்போதோ தொலைந்துவிட்டது. தகடு மட்டும் கூடவே வந்தது. இடையில் இரண்டு தடவை அக்காவுக்குப் போன் செய்து, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு வைத்திருக்கிறேன். சொல்லத்தான் கூப்பிட்டேன், இரண்டு தடவையும்.

போன மாதம் அக்கா இறந்துவிட்டார் என்று தகவல் வந்தது. காரியத்துக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் இப்போது மொபைல் ரீசார்ஜ் கடை. பந்தலில் எல்லோருக்கும் டீ கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து நின்றார். "அண்ணே, கம்ப்யூட்டர் அண்ணந்தான நீங்க?" என்றார். முடி நரைத்திருந்தது. எனக்கு அவரை உடனே தெரிந்தது. கணவர் போனபிறகு அக்காதான் அவருக்கு டைப் சொல்லிக்கொடுத்து, கடையிலேயே வைத்துக்கொண்டாராம். "வீடு இங்கிட்டுதாண்ணே, வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூட்டிப்போனார்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தப் படம். முழு முகம். கோட்டும் டையும் போட்டு, மாலையோடு. நான் பார்த்துக்கொண்டே நின்றதைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"அக்காதான் அறந்தாங்கி ஸ்டுடியோவுல குடுத்துச் சேத்து வாங்குனாங்க. கண்ணு மூக்கு அவரோடது. வாயி அவரு தம்பியோடது. புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது, அதான் அப்பான்னு கும்புடுதுங்க. எனக்குத்தாண்ணே அந்தச் சிரிப்பு அவரோடது இல்லன்னு தெரியும்." செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டே சொன்னார். "அக்கா இங்க வந்தா இந்தப் பக்கம் திரும்பவே மாட்டாங்க. ஏங் கையாலதான் போச்சுன்னு கடேசிவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

அப்போதுதான் சொன்னேன். அக்கா எதையும் அமுக்கவில்லை என்று. செய்யக்கூடாது என்று தெரிந்தே நான் செய்தது அது என்று. பழைய டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது, ஒரு காந்தத்துக்காக நான் அதைத் திறந்தேன் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத அக்கா இருக்கையில சொல்லியிருக்கலாமுல்லண்ணே" என்றார்.

அவ்வளவுதான். திரும்பிப் பந்தலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் தகட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று கிட்டே போனேன். துணியால் துடைத்தேன். முந்நூறு பேருக்கு மேல் சிரித்துக்கொண்டு இருந்த இடம். அந்த மனிதரின் சிரிப்பும் இதில்தான் முழுசாக இருந்தது. இப்போது அதில் என் முகம் மட்டும் தெரிந்தது. முடி, நெற்றி, கண், மூக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. வாயும் இருந்தது.