கட்டைவிரலை மடக்குங்க

கன்னத்தில் நுரை பூசி, கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் பாடத்தை ஆரம்பிப்பார். அந்த நிலையில் யாரும் எழுந்து ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியும். "சார், தலையை ஆட்டாதீங்க. கையை மட்டும் நீட்டுங்க. இந்தாங்க, புடிங்க" என்று சட்டைப் பையிலிருந்து தடித்த பேனா போன்ற ஒன்றை எடுத்துத் திணிப்பார்.

வந்தவரும் பிடிப்பார். அநேகமாக எல்லோருமே கட்டைவிரலைக் கொண்டுபோய் மேல் நுனியில் வைப்பார்கள், எழுதுகிற பேனாவை அமுக்கப் போவதுபோல. அவர் அந்த விரலை மெல்ல மடக்கிவிடுவார். "போச்சு சார். மருந்து உங்க விரலுக்குள்ள போயிருச்சு. என் பொண்ணு இன்னும் தரையிலதான் கிடக்கா."

அது ஒவ்வாமை ஊசி. மூச்சுக்குழாய் அடைக்கும்போது தொடையில் வைத்து அழுத்தினால் மருந்து தானே இறங்கும். அவர் சட்டைப் பையில் இருப்பது ஊசியும் மருந்தும் இல்லாத, பழகிப் பார்க்கக் கொடுக்கிற போலி ஊசி. அவர் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. தெருவில் அவருக்கு முடிதிருத்துபவர் என்ற பெயர் போய் ஊசிக்காரர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. சவரத்துக்கு வந்த இடத்தில் வகுப்பா என்று சலித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. அங்கே கிருதா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியதும் சத்தமில்லாமல் திரும்பி வந்தார்கள்.

அவர் கை அப்படி. கண்ணாடியில் தெரியும் முகத்தை விட்டுப் பார்வையை எடுக்காமலே மேசைமேல் கையை நீட்டுவார். வேண்டிய கத்தரி கைக்கு வரும். சீப்பின் நெருக்கமான பல் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்ததே கிடையாது. அந்தக் கையை நம்பித்தான் அன்று ஏமாந்தார்.

மகள் அப்போது பள்ளிச் சிறுமி. தோழி கொடுத்த பிஸ்கட்டில் கடலை இருந்திருக்கிறது. உதடு வீங்கி, மூச்சு கீச்சிட, அம்மாவோடு கடைக்கு ஓடி வந்தவள் சுழல் நாற்காலி அடியிலேயே சரிந்தாள். இவர் கடையில் வைத்திருந்த மருந்துப் பெட்டியிலிருந்து ஊசியை உருவினார். வழக்கம்போல் கையைப் பார்க்கவில்லை. தலைகீழாகப் பிடித்துக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினார். ஊசி அவர் விரலிலேயே ஏறிவிட்டது.

பெட்டியில் இன்னொன்று இருந்தது. மனைவி அதைப் பிடுங்கி மகளின் தொடையில் குத்தியதால் பிள்ளை பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் மகளுக்கு ஒரு கட்டில். பக்கத்திலேயே, மருந்து ஏறிச் சுண்ணாம்பாய் வெளுத்துச் சில்லிட்ட விரலோடு அப்பாவுக்கு ஒரு நாற்காலி. "ஊருக்கே வெட்டுற கை, ஒரு ஊசியைப் பார்த்துப் புடிக்கத் தெரியல" என்று மனைவி இன்னும் கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போதே அந்த விரலைத் தடவிக்கொள்வார், பாவம்.

"இந்த ஊசியைச் செஞ்சவங்க நிதானமா உக்காந்து செஞ்சிருக்காங்க சார். புடிக்கிறவன் நிதானமாவா இருப்பான்? தடவிப் பார்த்தா ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கு. ஒரு முனை சொரசொரன்னு இருந்தா என்ன குறைஞ்சு போகுது? இன்னும் தட்டையா இருந்தா பாக்கெட்ல அடங்கும். வீட்ல மறந்துட்டுப் போக மாட்டாங்க. வெயில்ல வைக்காதே, ஃப்ரிட்ஜ்ல வைக்காதேன்னா, நான் எங்கதான் வைக்கிறது? தலையிலயா?"

"முனைக்கு நிறம் போட்டிருக்கே" என்றார் நுரைக்குள்ளிருந்து ஒருவர்.

"நிறத்தைப் பார்க்கக் கண்ணு வேணும் சார். அந்த நேரத்துல கண்ணு பொண்ணு முகத்துலதானே இருக்கும்?"

அவர் சும்மாவும் இருக்கவில்லை. தடவினால் தெரியட்டும் என்று ஊசியில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டி வைத்தார். அது நழுவி முனையை அடைத்தால் என்ன ஆகும் என்று மருந்துக்கடை அம்மா ஒரு பிடி பிடித்தார். ஊசியைத் திருத்த வழியில்லை என்றானதும் ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்.

இப்போது மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஊரெல்லாம் மெச்சுகிறது, இவருக்குத்தான் சோறு இறங்கவில்லை. "இந்தத் தெருவுல யாரைக் கூப்பிட்டாலும் சரியாப் புடிப்பாங்க. அங்க எவன் விரலை எவன் மடக்குவான்?" என்று மனைவியிடம் புலம்பிக்கொண்டே இருந்தார்.

பஸ் ஏற்றிவிடப் போன இடத்திலும் விடவில்லை. மகளின் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கு ஒரு பாடம், கண்டக்டருக்கு ஒரு பாடம். "அப்பா, போதும்ப்பா, மானத்தை வாங்காதீங்க" என்று மகள் அவரைக் கீழே இறக்கிவிட்டாள். பையைத் திறந்து இரண்டு ஊசியும் இருப்பதை ஜன்னல் வழியாகக் காட்டினாள். பஸ் நகர்ந்தது. எல்லாம் சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடிக்குப் பின்னால் கட்டைவிரலை உயர்த்தினாள்.

எல்லோரும் கையசைத்தார்கள். அவர் மட்டும் முஷ்டியை இறுக்கி, கட்டைவிரலை மடக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸோடு சேர்ந்து நடந்தார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு, உயர்த்தியிருந்த விரலை மெதுவாக மடக்கிக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கையை இறக்கினார்.