லீவரைத் தொடாதே

பிரிக்பீல்ட்ஸில் முதலாளியின் வீடு, கிள்ளானில் அவருடைய அரிசிக் கடை. தினமும் காலையில் அவரைக் கடையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவதுதான் என் வேலை. கார் பழையது. வழியில் பத்து தீகா என்ற ஊரின் ஏற்றத்தில் ஏறினால் போதும், உள்ளே யாரோ சுத்தியலால் அடிக்கிற மாதிரி இஞ்சின் தட்டும்.

"ஓட்டத் தெரியாதவன் கையில வண்டியக் கொடுத்தா இப்படித்தான். ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்தச் சத்தம் நிக்கணும். இல்லேன்னா வேற டிரைவரப் பாத்துக்குவேன்," என்றார் முதலாளி.

மலாயாவில் வேலையில்லாதவர்களை ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவருக்கு வேறு டிரைவர் கிடைக்க அரை நாள் போதும். எனக்கு வேறு முதலாளி கிடைக்கமாட்டார்.

அந்த வாரம் முழுக்க, அவரை இறக்கிவிட்டதும் கடைக்குப் பின்னால் பானட்டைத் திறந்துகொண்டு நின்றேன். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். சிலிண்டர் மூடியைக் கழற்றிக் கரியைச் சுரண்டினேன். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்குமோ என்று வேறு இடத்தில் வாங்கிப் பார்த்தேன். தீப்பொறி விழுகிற நேரத்தைக் குறி பார்த்துச் சரிசெய்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. கோளாறு என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் ஸ்டியரிங்கிலேயே ஒரு சின்ன லீவர் இருக்கும். மேலே தள்ளினால் தீப்பொறி முந்தி விழும், வண்டி வேகமெடுக்கும். ஏற்றத்தில் அதைக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் தட்டும். நான் இறக்குவேன். பின்னால் வருகிற லோரி முந்திவிடுமே என்று முதலாளி கையை நீட்டி மேலே தள்ளுவார்.

"ஏத்தத்துல கீழதான் இருக்கணும் மொதலாளி. முன்னால ஹேண்டில் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணும்போதும் அப்படித்தான். இல்லேன்னா ஹேண்டில் திருப்பிக் கையில அடிச்சிரும்," என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை வண்டியில் ஏறியதும், "இனிமே நீ லீவரத் தொடாத. நான் பாத்துக்கிறேன்," என்றார். நானும் தொடவில்லை. பாதி ஏற்றத்தில் இஞ்சின் தட்டித் தட்டி, கொதித்து, நின்றுபோனது. தண்ணீர் பிடிக்கத் தகர டின்னை எடுத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்து ஓடைக்கு இறங்கினேன். தண்ணீரோடு மேலே ஏறி வந்தபோது, முதலாளி கோட்டைக் கழற்றிவிட்டு வண்டிக்கு முன்னால் குனிந்து ஹேண்டிலைப் பிடித்திருந்தார். லீவர் மேலேதான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பத்தடி தூரம். ஒரு வார்த்தை போதும்.

வாய் திறக்கவில்லை. கோபம் என்று சொல்லிக்கொண்டால்கூடக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அலுப்பு, வெறும் அலுப்பு. இன்னும் எத்தனை தடவைதான் சொல்வது என்று டின்னோடு நின்றேன்.

ஹேண்டில் திருப்பி அடித்தது. அவருடைய மணிக்கட்டு முறிந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

அவரைத் தூக்கி உட்காரவைத்து, ரேடியேட்டரில் தண்ணீரை ஊற்றி, லீவரை இறக்கி, ஹேண்டிலைச் சுற்றினேன். உடனே ஸ்டார்ட் ஆனது. கிள்ளான் ஆஸ்பத்திரி வரைக்கும் இஞ்சின் ஒரு தடவைகூடத் தட்டவில்லை.

கட்டுப் போட்ட டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டார். "நம்ம டிரைவர் சொன்னாரு டாக்டர். நான்தான் கேக்கல," என்றார் முதலாளி.

எத்தனையோ தடவை சொன்னது உண்மைதான். சொல்லியிருக்க வேண்டிய அந்த ஒரு தடவை சொல்லவில்லை. டாக்டர் முன்னாலாவது அதை ஒப்புக்கொண்டிருக்கலாம், வேலை போய்விடும் என்று பயந்து தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு எட்டு வருடம் அவரிடமே ஓட்டினேன். மழை நாட்களில் அந்த மணிக்கட்டைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து வருவார். பத்து தீகா ஏற்றம் வந்தால், "நீயே பாத்துக்கப்பா," என்பார்.