என் பங்குக்கு வராத பதினேழு

அப்பா இறந்த மறுவருடம் அண்ணனும் நானும் அச்சகத்தைப் பிரித்துக்கொண்டோம். சிவகாசியில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. ஷெட்டின் நடுவே சுவர் எழுந்தது. கிழக்குத் தெரு வாசலும் ஜப்பான் மிஷினும் அண்ணனுக்கு. மேற்குத் தெரு வாசலும் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஜெர்மன் மிஷினும் எனக்கு. பிரித்து வைத்தவர் தாய்மாமன். விருதுநகரில் பருப்புக் கமிஷன் மண்டி வைத்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு நட்டைத் திருகியவர் இல்லை.

அப்பாவின் சாக்கெட் பெட்டியில்தான் மாமாவின் நியாயம் முழுசாக வெளிப்பட்டது.

"இதையும் பிரிச்சிருவோம். வரிசையில இருக்கபடிக்கி ஒண்ணு விட்டு ஒண்ணு. மூத்தவன் மொத எடுக்கட்டும்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் சனத்தில் பங்கு என்று வந்துவிட்டால் தேங்காய் மூடியைக்கூட எடை போடுவார்கள். அதே மத்தியானம் அம்மாவையும் பிரித்தார். ஒரு மாதம் அண்ணன் வீடு, ஒரு மாதம் என் வீடு, ஒன்றாம் தேதிக்கு ஒன்றாம் தேதி மாற வேண்டும். நடுவில் அம்மா இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் போய்வரக் கூடாது, பேச்சு வளருமாம். அம்மா அப்போது எங்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார்.

சாக்கெட் என்பது நட்டின் தலையில் கவிழ்த்துத் திருகும் கிண்ணம்தான். ஆனால் எந்த நட்டுக்கு எது என்பதில் இருக்கிறது சங்கதி. உள்ளே ஆறு மூலை உள்ளது நட்டின் பட்டைகளை அணைத்துப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை உள்ளது இடுக்கில் கை திரும்பாத இடத்துக்கு வசதி, சட்டென்று மாட்டிவிடலாம். ஆனால் அது நட்டின் முனைகளை மட்டும்தான் கவ்வும். துருவேறி இறுகிய நட்டில் அதைப் போட்டால் முனை மழுங்கிப் போகும். போல்ட் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் குட்டைச் சாக்கெட் நட்டைத் தொடவே தொடாது, நீளமானது வேண்டும். அப்பா மில்லிமீட்டர், இஞ்ச் இரண்டையும் கலந்து அளவு வாரியாக அடுக்கியிருந்தார். பதினேழு மில்லிமீட்டருக்கு அடுத்துப் பதினொண்ணு பை பதினாறு இஞ்ச். இரண்டுக்கும் நகத்தின் கனம்தான் வித்தியாசம்.

என் ஜெர்மன் மிஷினில் காகிதத்தை வெளியே தள்ளும் செயினைத் தாங்கும் பிராக்கெட்டின் நட்டு பதினேழு. குழிக்குள் இருக்கும், ஸ்பேனர் போகாது. நீளமான, ஆறு மூலைச் சாக்கெட்தான் வேண்டும். அது ஒன்று விட்டு ஒன்றில் அண்ணனுக்குப் போனது. அதற்கு அடுத்திருந்த, பன்னிரண்டு மூலை உள்ள நீளமான இஞ்ச் சாக்கெட் என் கையில் வந்தது.

"மாமா, அந்தப் பதினேழு என் மிஷினுக்கு உள்ளது" என்றேன் அப்போதே.

"ஒண்ணுக்கு மாத்துனா எல்லாத்துக்கும் மாத்தணும். சும்மா இருலே."

உள்ளூர்க் கடைகளில் நீளமான பதினேழு, பன்னிரண்டு மூலையில்தான் இருந்தது. அது முனையை மழுக்கும் என்று வாங்காமல் மதுரைக்குச் சொல்லி வைத்தேன். அது வருவதற்குள் சீசன் வந்துவிட்டது. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு வெடிப்பெட்டி லேபிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். தீபாவளி லோடு ஏறுகிற நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை செயின் தொய்ந்து, தாள் கோணிக் கோணி விழுந்தது. கடைகள் அடைப்பு. திங்கள்கிழமை லேபிள் போகாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

தெருவைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அம்மா அங்கே இருக்கும் மாதம், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மதினி, "வாங்க, சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அண்ணே, அந்த நீளப் பதினேழு ஒரு மணி நேரத்துக்கு வேணும். செயின் தொங்கிருச்சு."

"பிரிச்சாச்சுல்லய்யா. இன்னைக்கு சாக்கெட்டும்பே, நாளைக்கு என்னம்பே?"

"உங்க மிஷினுக்கு அது ஆகவே ஆகாதுல்லண்ணே."

"ஆகுதோ ஆகலையோ. என் பங்குல்ல."

வைக்கோல் போரில் படுத்த நாய் என்று வாயில் வந்தது. அம்மா தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததால் முழுங்கிவிட்டேன். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது எனக்கு அண்ணனைவிட அதிகமாக வலித்தது.

இஞ்ச் சாக்கெட்டைத்தான் மாட்டினேன். லொடலொடத்தது. உள்ளே துணி வைத்து இறுக்கிப் பார்த்தேன். முதல் அழுத்தலில் நட்டு அசைவது போல இருந்தது. அசைந்தது நட்டு இல்லை, அதன் முனைகள். அடுத்த அழுத்தலில் சாக்கெட் வழுக்கி என் விரல் முட்டிகள் பிராக்கெட்டில் போய் உரிந்தன. வெளியே எடுத்துப் பார்த்தால் நட்டு கோலிக்குண்டாக இருந்தது. பிறகு உளியை வைத்து அடித்தபோது போல்ட்டே ஒடிந்தது. மிஷின் நின்றது.

மறுநாள் கம்பெனி மேனேஜர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீக. லோடு நிக்குது. அச்சு பிளேட்ட உங்க அண்ணன்கிட்ட குடுத்துருங்க, அவுக ஓட்டட்டும். வேத்தாளா என்ன?"

நான் செய்து வைத்த பிளேட்டில் என் லேபிள்கள் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடின. நின்ற மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனுக்கும் அந்த ஆர்டர் திரும்பி வரவில்லை. அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

செயின் தொங்கிய அந்த மாதம் முடிந்ததும், ஒன்றாம் தேதி அம்மா துணிப்பையோடு வந்தார். நேராக ஷெட்டுக்குள் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தார். பதினேழு. எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தது.

"நீ வந்து கேட்ட அன்னைக்கே எடுத்து வச்சுட்டேன்யா. ஒண்ணாந்தேதி தான வர முடியும்."

ஒடிந்ததற்குப் பதிலாக நான் போட்டிருந்த புது போல்ட்டின் நட்டு பதினாறு. அம்மா பார்த்துக்கொண்டு நின்றதால் அதன்மேல் சாக்கெட்டை மாட்டினேன்.

"சரியா இருக்காய்யா?"

"இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, பிடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்த சாக்கெட்டை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.