அண்ணன் தோட்டத்துப் பச்சை

மல்லிகைக்குக் கண்பட்டால் தாங்காது என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறோம். அதனால் செடி வாடினால் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். பூ எடுக்க வரும் பெண்களும் ஒரு தோட்டத்துச் சேதியை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கொண்டுபோனால் மறுநாள் அவர்களுக்கு வேலை இருக்காது. யார் தோட்டத்தில் என்ன சீக்கு என்பது, மார்க்கெட்டுக்குப் போகிற பூ குறைந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான்.

கீழக்குயில்குடியைத் தாண்டி, சமணர் மலை நன்றாகத் தெரிகிற இடத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. அப்பா பாகம் பிரித்தபோது மேல்பாதி அண்ணனுக்கு வந்தது, கீழ்ப்பாதி எனக்கு. கிணறு அண்ணன் பக்கத்தில் இருந்தாலும் இருவருக்கும் பொது. ஒரு நாள் அவர் முறை, மறுநாள் என் முறை. வாய்க்கால் ஒன்றுதான். அது அண்ணனுடைய மல்லிகை வரிசைகளுக்கு நடுவே ஓடி என் தோட்டத்துக்குள் இறங்கும். இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவது அந்தப் பூவால்தான். எனக்கு வேறு தொழில் தெரியாது, கற்றுக்கொள்ளும் வயதும் தாண்டிவிட்டது.

அண்ணனுக்கும் எனக்கும் பேச்சு நின்ற காரணத்தைச் சொன்னால் மற்ற ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். மதுரைக்காரர்கள் நம்புவார்கள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்குள் பிரியும் விலக்குச் சாலையில் பிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அண்ணனுடைய மச்சினன் தலை பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. பெண்ணின் சொந்தச் சித்தப்பன் என் தலை, கீழே ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு. மண்டபத்துக்குப் போனேன், மொய் எழுதினேன், பந்தியில் கை நனைக்காமல் திரும்பிவிட்டேன். அதன்பிறகு வாய்க்கால் மடையைத் திறக்கும்போது கூட இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை. என் வீட்டுக்காரியும் மதினியும் மட்டும் ரேஷன் கடை வரிசையில் பேசிக்கொள்வதாகக் கேள்வி.

போன ஆவணியில், வாய்க்கால் என் தோட்டத்துக்குள் நுழைகிற இடத்தில் நின்ற செடியில் அடியிலைகள் மஞ்சளாகின. தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பாய்ச்சினேன். பழங்காநத்தத்தில் நான் வழக்கமாகப் போகும் மருந்துக்கடையில் இலையைக் காட்டினேன். இரும்புச்சத்து குறைவு என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். கரைத்து அடித்தேன். செடி காய்ந்தது. பக்கத்துச் செடி மஞ்சளானது. அதற்கும் அடித்தேன்.

புரட்டாசி பிறந்ததும் நல்ல மழை பெய்தது. கோடையில் அடியில் கிடந்த தண்ணீர் மளமளவென்று ஏறிவிட்டது. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து வீட்டுக்காரியிடம், இனி கவலையில்லை என்று சொன்னேன். மழை கண்ட செடி தானாகத் தேறிவிடும் என்று உண்மையிலேயே நம்பினேன். ஆனால் மஞ்சள் நிற்கவில்லை. வாய்க்கால் ஓரமாகவே வரிசையில் இறங்கி வந்துகொண்டிருந்தது. காலையில் தோட்டத்துக்குள் போனதும் மஞ்சளான செடிகளை எண்ணுவேன், கொண்டுபோன சோறு அப்படியே திரும்பி வரும்.

வாடிய செடி ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பல வருஷத்துச் செடி, எந்தத் தடையும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, தோல் உரிந்து, புளித்த வாடை அடித்தது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் வெள்ளை நூல் படர்ந்திருந்தது. நூலுக்கு நடுவே கடுகு கடுகாக ஏதோ ஒட்டியிருந்தது. பூ எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் அதைப் பார்த்தார். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை முன்பே எங்காவது பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். "நாங்க என்னத்தண்ணே கண்டோம், பூவத்தான் பாக்குறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அண்ணன் தோட்டத்திலும் பூ எடுப்பவர் அவர்.

செடியைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் அம்மா வேரைத் திருப்பிப் பார்த்தார். வேரழுகல் என்றார். அந்தக் கடுகுதான் பூஞ்சாணத்தின் விதை மாதிரி, மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீரில் மிதந்து போய் அடுத்த செடியைப் பிடிக்கும் என்று விளக்கினார். பிடுங்கிய செடியை ஒன்று விடாமல் எரிக்க வேண்டும், குழிக்கு மருந்து ஊற்ற வேண்டும் என்றார். பிறகு கேட்டார்: "உங்க தண்ணி எது வழியா வருது?"

அண்ணன் தோட்டம் வழியாக வருகிறது, ஆனால் அங்கே எல்லாம் பச்சையாக இருக்கிறது என்றேன். உள்ளே போய்ப் பார்த்தீர்களா என்று கேட்டார். பிளெக்ஸ் கதையை அரசாங்க அலுவலகத்தில் சொல்ல முடியாது. வரப்பிலிருந்து பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன்.

அன்று மதியம் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து மேலே ஏறினேன். வரிசைகள் நிறைந்து, ஒரு சந்துகூட இல்லாமல் நின்றன. பொறாமையாக இருந்தது. இவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று நினைத்துக்கொண்டே வாய்க்கால் ஓரத்துச் செடியைத் தொட்டேன். அது சாய்ந்தது. தூக்கினால் கையோடு வந்தது. அடியில் வேரே இல்லை. அரிவாளால் சாய்வாக வெட்டிய கிளை. பக்கத்துச் செடியை இழுத்தேன், அதுவும் வெட்டிச் சொருகிய கிளை. அதற்கடுத்ததும் அப்படியே. சில கிளைகள் அன்றைக்குச் சொருகியவை, இலை வாடவில்லை. நல்ல வெயிலில், அத்தனை பச்சைக்கு நடுவில் நின்றுகொண்டு எனக்கு உடம்பு சில்லிட்டது.

திரும்பினால் வரிசைக் கடைசியில் அண்ணன் நின்றார். கையில் அரிவாள், கக்கத்தில், மேல்வரிசையில் மிஞ்சிய செடிகளிலிருந்து புதிதாக வெட்டிய கிளைகள். சாப்பிடப் போகவே இல்லை போலிருக்கிறது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். இத்தனை நாள் முகத்தைப் பார்க்காததால் அது எனக்குத் தெரியவில்லை.

"ஆடியிலேயே சீக்கு விழுந்துருச்சுடா" என்றார். "ஒனக்குத் தெரிஞ்சா நீ சிரிப்பேன்னு நெனச்சேன்."

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. நான் சிரித்திருப்பேன், அதுதான் உண்மை. ஆடியில் தெரிந்திருந்தால் மச்சினன் தலையை நினைத்துக்கொண்டு நன்றாகவே சிரித்திருப்பேன்.

அதன்பிறகு இரண்டு பேரும் அண்ணன் தம்பியாகத்தான் வேலை பார்த்தோம். அலுவலர் அம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன். உன் தோட்டத்தையாவது காப்பாற்றுவோம் என்று அவரே முன்வந்தார். ஆரப்பாளையம் பக்கம் போய்க் கறுப்புக் குழாய் வாங்கி வந்தோம். கிணற்றிலிருந்து நேராக, அவர் மண்ணில் ஒரு சொட்டு படாமல், என் தோட்டத்துக்குத் தண்ணீர் போகும்படி போட்டோம். மதினி எங்கள் இருவருக்கும் ஒரே தூக்குவாளியில் சோறு கொண்டுவந்தார். கை நனைத்தேன். பழைய வாய்க்கால் வாயை அண்ணனே மண்வெட்டியால் அடைத்தார்.

என் முறை வந்ததும் மோட்டாரைப் போட்டோம். குழாய் விறைத்துக்கொண்டு தண்ணீர் கண்ணாடி மாதிரி கீழே கொட்டியது. வீட்டுக்காரி அங்கே நின்று வரிசை வரிசையாக மடை மாற்றினாள். மஞ்சள் பிடிக்காத வரிசைகள் இன்னும் நிறைய இருந்தன. பல நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது. கிணற்று மேட்டில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, பிடுங்கியதையெல்லாம் எரித்துவிட்டாரா என்று கேட்டேன்.

"எரிச்சா பொக தெரியுமேடா. ஒனக்குத் தெரிஞ்சு போகுமே."

"அப்ப எங்கண்ணே போட்ட?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"கெணத்துக்குள்ளதான். படி எறங்குனா நடுவுல திட்டு இருக்குல்ல, அதுல. அங்க யாரும் எறங்கிப் பாக்க மாட்டாகன்னு போட்டேன். அப்பத் தண்ணி ரொம்பக் கீழ கெடந்துச்சுடா."

எழுந்து எட்டிப் பார்த்தேன். படிகள் தண்ணீருக்குள் இறங்கின. திட்டு தெரியவில்லை. கறுத்த குச்சிகள் சில சுவரோரம் மிதந்துகொண்டிருந்தன. கீழே தோட்டத்திலிருந்து வீட்டுக்காரி சத்தம் கொடுத்தாள். கடைசி வரிசைக்கும் தண்ணீர் வந்துவிட்டதாம், மோட்டாரை நிறுத்தச் சொன்னாள்.