கொலுசுக்குக் காவல்

எங்கள் வீட்டில் யாரும் காரணமில்லாமல் நடந்ததில்லை. தெருமுனையில் பால் வாங்கவே அப்பா வண்டியை எடுப்பார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மாலை, "நாளைக்கு ராஜபாளையத்துல எல்லாரும் சேந்து மலையடிவாரம் வரைக்கும் நடக்காகளாம், நம்மளும் போவோம்" என்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எல்லோர் மேலும் சந்தேகப்படுவதே அப்போது எனக்கு வேலை.

மறுநாள் விடியும் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்து எங்கள் வீட்டில் அம்மா அத்தைக்குத் தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துவிட்டாள். நடக்கப் போகிறவளுக்கு எதற்குச் சரிகைச் சேலை என்று அத்தையே கேட்டாள். "செத்த நேரம் கட்டுனா தேஞ்சா போயிரும்?" என்று சொல்லி அம்மா தன் கொலுசையும் கழற்றி அவள் காலில் மாட்டினாள். நான் பெரியவளானதும் எனக்கென்று சொல்லியிருந்த கொலுசு அது. அன்று முழுக்க அதிலிருந்து கண்ணை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

அத்தை அப்பாவின் தங்கை. முந்தின வருடம் மம்சாபுரம் சாலையில் ஸ்கூட்டியோடு விழுந்து, காலில் பிளேட் வைத்திருந்தார்கள். அதெல்லாம் ஆறிவிட்டது, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவாள். ஆனாலும் அவள் விந்தி நடக்கிறாள் என்று ஒரு பேச்சு கிளம்பி, வந்த வரன்கள் எல்லாம் வாசலோடு திரும்பிக்கொண்டிருந்தன. அப்பா அந்தக் கவலையிலேயே இளைத்துப் போயிருந்தார்.

மூடிக் கிடந்த பழைய நூல் மில்லின் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. கூட்டிப்போக வந்த சார் கூரைமேல் துருப்பிடித்து நின்ற சங்கைக் காட்டி, "இது ஊதுனாத்தான் அந்தக் காலத்துல ஊருக்கே விடியும்" என்றார். அங்கிருந்து கண்மாய்க் கரை, பிறகு மலையடிவாரத்து மாந்தோப்பு. கிழவர்களும் சிரமமில்லாமல் நடக்கக்கூடிய பாதைதான்.

கரையில் ஏறியதும் கவனித்தேன். கழுத்து நிறையச் சங்கிலி போட்ட ஓர் ஆச்சி எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். நாங்கள் நின்றால் அவரும் நின்றார். அவருடைய மகன் கேமராவும் கையுமாகக் கொக்குகளைப் படம் பிடித்தபடி எங்கோ முன்னால் போய்க்கொண்டிருந்தார். ஆச்சிக்கோ கொக்கும் வேண்டாம், மலையும் வேண்டாம். கண் முழுக்க அத்தையின் காலில்தான். கொலுசுக்குத்தான் குறி என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அம்மாவின் காதில் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு வாட்டி" என்றாள். அம்மாவும் இதில் கூட்டுக் களவாணியோ என்று பயந்துபோனேன்.

தோப்புக்குள் சார் கையமர்த்தினார். மேலே ஒரு மலை அணில், நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி எதையோ கொறித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆச்சி மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொலுசு நல்லாருக்கே, தாயி" என்றார். "அந்த மரம் வரைக்கும் நடந்துட்டு வா, பாப்போம்."

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா அணிலைப் பார்த்தாள். அத்தை அப்பாவைப் பார்த்தாள். அவரும் அணிலைத்தான் பார்த்தார். அத்தையின் முகம் மாறியது. சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து, இடுப்பு ஒடிய ஒடிய மரம் வரை போய்த் திரும்பினாள்.

முள் குத்திவிட்டதென்று ஓடிப்போய் அவள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"வலிக்குதா அத்த?"

"ஆமாட்டி, எப்பவும் வலிக்கதுதான்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

ஆச்சி மகனைக் கூப்பிட்டுக்கொண்டு பாதியிலேயே கிளம்பிவிட்டார். கொலுசு தப்பியதில் எனக்கு ஒரே சந்தோஷம். பெண் பார்க்க வீட்டுக்கே வந்து வேண்டாமென்று போனால் தெருவுக்கே தெரிந்துவிடும், இப்படிக் கூட்டத்தோடு கூட்டமாக நடக்கவைத்துப் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பெரியவர்கள் செய்திருந்த ஏற்பாடெல்லாம் எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான். அத்தையிடம் அதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது அப்பா எல்லோருக்கும் பின்னால் வந்தார். நாங்கள் சாலைக்கு வரவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நகரவும் சரியாக இருந்தது. "அண்ணே, வாங்க" என்றபடி அத்தை சேலையை இடுக்கிக்கொண்டு ஓடினாள். எங்களுக்கெல்லாம் முன்னால் ஓடி, படியில் தாவி ஏறி, வண்டியை நிறுத்தக் கண்டக்டரை விசில் ஊதச் சொன்னாள். அப்பா நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டார்.

மலையடிவாரத்துக் காற்று பட்டால் கால்வலி பறந்துவிடும் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்.